ஒன்றரை மைல் ஊர்

சனிக்கிழமை காலை. சிகாகோ மாநகரின் மேற்கு எல்லையான ஆஸ்டின் புலவார்டில் சிக்னல் மாறுகிறது. தோளில் துணிப்பையோடு ஒரு பாட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு பையன், இரவு ஷிப்ட் முடிந்து மருத்துவமனைச் சீருடையோடு வரும் இருவர். எல்லாரும் சாலையைக் கடக்கிறார்கள். கிழக்கே விட்டுவந்தது சிகாகோ. மேற்கே கால் வைத்தது ஓக் பார்க். நடுவில் வேலி இல்லை, வளைவு இல்லை.

இங்கிருந்து லேக் தெருவைப் பிடித்து மேற்கே நடக்கலாம். இடப்பக்கம் உயர்ந்த கரையின் மேல் கிரீன் லைன் ரயில் கூடவே வரும். ஸ்டீவன்சன் பூங்காவில் சறுக்குப் பலகை விளையாடும் பிள்ளைகளின் கூச்சல். அதைத் தாண்டினால் செங்கல் அடுக்ககங்கள், பொது நீச்சல்குளம். பிறகு பில்கிரிம் தேவாலயம். 1976இல் தொடங்கிய உழவர் சந்தைக்குப் பல பத்தாண்டுகள் இடம் கொடுத்தது இதன் வாகன நிறுத்துமிடம்தான். தேவாலயத் தொண்டர்கள் சுடச்சுடப் பொரித்துத் தந்த டோனட்டுக்காகவே சந்தைக்கு வந்தவர்கள் உண்டு. அப்புறம் ஸ்கோவில் பூங்கா, பொது நூலகம், கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் கான்கிரீட்டில் எழுப்பிய யூனிட்டி டெம்பிள், அஞ்சலகம், 1936 முதல் படம் காட்டிக்கொண்டிருக்கும் லேக் தியேட்டர். ஹார்லெம் அவென்யூ வந்ததும் ஊர் முடிந்துவிடுகிறது. மொத்தம் ஒன்றரை மைல். வேடிக்கை பார்த்துக்கொண்டே போனாலும் முக்கால் மணி நேரம்.

எதிரே வருகிறவர்களில் கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வழியினர், சீனர், இந்தியர் எல்லாரும் உண்டு. காரில்லாமல் காலம் தள்ளத் தோதான ஊர்கள் அமெரிக்காவில் குறைவு. பல இனத்தார் ஒரே தெருவில் நிலைத்து வாழும் ஊர்கள் அதைவிடக் குறைவு. இரண்டும் சேர்ந்த ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓக் பார்க்குக்கு முதலாவது வயதால் வந்தது. இரண்டாவதை ஊர் உட்கார்ந்து யோசித்து, சண்டை போட்டு, பணம் ஒதுக்கி உண்டாக்கியது. இன்று கைநழுவிக்கொண்டிருப்பதும் அந்த இரண்டாவதுதான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா…"

மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போய்வந்த பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். வீடு பெரிது, சாமான் எல்லாம் கிடைக்கிறது, பேரப்பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு, "ஆனா…" என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் இருக்கும். வாசலைத் தாண்டினால் போக இடமில்லை. ஒரு கொத்து மல்லித்தழை வாங்கவும் மருமகன் வேலை முடிந்து வந்து காரெடுக்க வேண்டும். ஆறு மாதத் தங்கலில் நான்காம் மாதமே ஊர் ஞாபகம் வருவதற்குக் குளிரைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எழுபது வயது வரை தெருமுனைக் கடைக்கும் கோயிலுக்கும் தன் காலில் போய்வந்தவருக்கு, நடை என்பது உடற்பயிற்சி மட்டும் இல்லை. அது அவருடைய சுதந்திரம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுந்த அமெரிக்கப் புறநகர்களில் பெரும்பாலானவை காரை நம்பிக் கட்டப்பட்டவை. வீடு இருக்கும் பகுதியில் கடை கூடாது, கடை இருக்கும் பகுதியில் வீடு கூடாது, ஒவ்வொரு கடைக்கும் இத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்று நில விதிகளே எழுதிவைத்தன. ஓக் பார்க் அதற்கு முந்தைய தலைமுறை ஊர். 1848இல் ரயில் வந்தது. ரயிலைச் சுற்றிக் கடைகள், கடைகளைச் சுற்றி வீடுகள். கார் வந்தபோது ஊர் ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தது. உரிய அனுமதி இல்லாமல் இரவில் தெருவில் கார் நிறுத்தக் கூடாது என்ற பழைய விதியும் காரை ஓரளவு அடக்கிவைத்தது.

---

ஓக் பார்க்: சில தகவல்கள்

அமைவிடம்: இல்லினாய்ஸ் மாநிலம், சிகாகோவுக்கு மேற்கே ஒட்டி
பரப்பு: சுமார் 12 சதுர கி.மீ.
மக்கள்தொகை: 54,583 (2020 கணக்கெடுப்பு)
தனி ஊரானது: 1902. சட்டப்படி இன்றும் 'வில்லேஜ்'
ரயில்: கிரீன் லைனில் 4 நிலையங்கள், புளூ லைனில் 3, மெட்ரா புறநகர் ரயிலுக்கு ஒன்று
இங்கே பிறந்தவர்: எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே (1899)
இங்கே வாழ்ந்தவர்: ஃபிராங்க் லாயிட் ரைட். 1889இல் வீடு கட்டினார், 1909இல் வெளியேறினார். அவருடைய யூனிட்டி டெம்பிள் 2019இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது

---

ஈஸ்ட் அவென்யூவில் ஒரு வீடு

லேக் தெருவிலிருந்து வடக்கே திரும்பி, உயர்நிலைப் பள்ளியை ஒட்டி ஈஸ்ட் அவென்யூவில் சில நிமிடம் நடந்தால், சிகாகோ அவென்யூ முனையில் ஒரு பெரிய வீடு வரும். சுற்றுலா வருகிறவர்கள் ரைட்டின் வீட்டைப் பார்க்க வேறு திசையில் போய்விடுகிறார்கள். இந்த ஊரைப் புரிந்துகொள்ள இந்த வீட்டின் முன் நிற்பது முக்கியம்.

1950இல் இதை வாங்கியவர் டாக்டர் பெர்சி ஜூலியன். ஹெமிங்வே பிறந்த அதே 1899இல் அலபாமாவில் பிறந்தவர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். கண்நீர் அழுத்த நோய்க்கான ஃபைசோஸ்டிக்மின் மருந்தை 1935இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய வேதியியலாளர். சோயா மொச்சையிலிருந்து ஹார்மோன்களைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்டவர். அவர் கறுப்பினத்தவர் என்பதைத் தவிர வேறு எதுவும் அந்தத் தெருவுக்கு உறுத்தியிருக்க முடியாது.

குடும்பம் குடியேறும் முன்பே, 1950 நவம்பரில் நன்றி நவிலும் திருநாளன்று, வீட்டுக்குத் தீ வைக்க முயன்றார்கள். குடியேறிய பிறகு 1951 ஜூனில் ஓடும் காரிலிருந்து டைனமைட் எறிந்தார்கள். வெடித்த இடம் குழந்தைகளின் படுக்கையறைக்குப் பக்கம். இரவுகளில் அப்பாவும் தானும் வெளியே காவல் இருந்ததை மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஜூலியன் போகவில்லை. 1975இல் இறக்கும்வரை ஓக் பார்க் குடிமகனாகவே இருந்தார். அவருக்கு ஆதரவாக ஊர்க்காரர்கள் சிலர் அப்போதே திரண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தேவாலயங்களிலும் வரவேற்பறைகளிலும் கூடிய அந்தச் சிறு கூட்டங்களிலிருந்துதான் அடுத்த இருபது ஆண்டுகளின் மாற்றத்துக்கு ஆட்கள் கிடைத்தார்கள். இன்று ஊரின் நடுநிலைப் பள்ளி ஒன்றுக்கு அவர் பெயர்.

குழந்தை வண்டியும் தரகரும்

அந்த நாட்களில் சிகாகோவில் வீட்டுத் தரகர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். வெள்ளையர் மட்டும் வாழும் தெருவில், ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் காசு கொடுத்துக் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்வார்கள். அவ்வளவுதான். மறுநாள் வீடு வீடாகப் போய், "அவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், விலை விழும் முன் விற்றுவிடுங்கள்" என்பார்கள். பயந்து மலிவாக விற்றதை, வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்கு ஏற்றிய விலையில் தள்ளுவார்கள். ஒரு தாய் தெருவில் நடப்பதையே ஆயுதமாக்கிய வியாபாரம் அது. அரசும் சளைக்கவில்லை. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை 1930களிலேயே வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, கடன் கிடைக்காதபடி செய்திருந்தது.

ஆஸ்டின் புலவார்டுக்குக் கிழக்கே, சிகாகோவின் ஆஸ்டின் பகுதி இந்த அலையில்தான் போனது. 1960இல் அங்கே கறுப்பினத்தவர் ஏறக்குறைய இல்லை. 1980இல் நால்வரில் மூவர் கறுப்பினத்தவர். வெள்ளையர் போனபோது வங்கிக் கடனும் கடைகளும் முதலீடும் கூடவே போயின. இருபது ஆண்டுக்குள் ஒரு பகுதி முழுக்க ஆள் மாறியது. மாறியவர்களுக்கு வெறும் வீடுகளே மிஞ்சின. அடுத்தது ஓக் பார்க் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். தெரு தெருவாக மேற்கே நகர்ந்துவந்த அலை, ஒரு சாலை அகலத் தூரத்தில் நின்றது.

"எங்கே வீடு பார்க்கிறீர்கள்?"

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த மாதம், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்ற உள்ளூர்ச் சட்டத்தை ஓக் பார்க் நிறைவேற்றியது. நாட்டின் பல ஊர்கள் அப்போது சட்டம் போட்டன. சட்டத்தோடு நின்றுவிடாதது ஓக் பார்க்கின் தனித்தன்மை.

வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்: "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைச் சட்டத்தால் முழுக்கத் தடுக்க முடியாது. அதைக் கேட்காமலே, "வீடு நேத்துதான் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிடலாம். ராபர்ட்டா ரேமண்ட் என்ற பெண்மணிக்கு இது தெரிந்திருந்தது. ஓக் பார்க்கிலேயே வளர்ந்தவர். 1972இல் ஒரு தேவாலயத்தில் கிடைத்த இடத்தில் 'ஓக் பார்க் ஹவுசிங் சென்டர்' என்ற அலுவலகத்தைத் திறந்தார். வாடகை வீடு தேடி வருகிறவர்களுக்கு இலவச உதவி. கேட்க எளிமையாக இருக்கும். செய்த வேலை எளிமையானதல்ல.

வெள்ளையர் வந்தால் ஆஸ்டின் சாலையை ஒட்டிய கிழக்குப் பக்க அடுக்ககங்களைக் காட்டி, பயத்தைப் பேசித் தீர்த்து, அங்கே குடிவர ஊக்கப்படுத்துவார்கள். கறுப்பினத்தவர் வந்தால் ஊரின் நடுவிலும் மேற்கிலும், அவர்கள் இதுவரை எட்டிப் பார்க்காத தெருக்களிலும் வீடு காட்டுவார்கள். கட்டாயம் இல்லை, முடிவு வருகிறவருடையது. ஒரு தெரு ஒரே இனத்தாரின் தெருவாக மாறிவிடக் கூடாது என்பது நோக்கம். கிழக்குப் பக்கத்து அடுக்கக உரிமையாளர்களுக்கு, கட்டடத்தைப் பழுதுபார்க்க ஊராட்சி பண உதவி செய்தது. பதிலுக்கு அவர்கள் காலி வீடுகளை இந்த மையத்தின் வழியாக வாடகைக்கு விட வேண்டும்.

கூடவே, வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' பலகை வைப்பதற்கு 1972இல் தடை வந்தது. ஒரு தெருவில் நான்கு பலகை தொங்கினால் ஐந்தாவது வீட்டுக்காரர் மிரள்வார் என்பது காரணம். வேறொரு ஊரின் இதே போன்ற தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் பேச்சுரிமைக்கு விரோதம் என்று ரத்து செய்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓக் பார்க் தரகர்கள் தாங்களாகவே பலகை வைப்பதைத் தவிர்த்தார்கள். 1973இல் ஊராட்சி மன்றம் பன்மை குறித்த கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 1975இல் கட்டிய புதிய ஊராட்சி மன்றக் கட்டடத்தை ஆஸ்டின் சாலைக்குச் சில தெருக்கள் தள்ளி, எல்லாரும் பயந்த கிழக்குப் பக்கத்திலேயே எழுப்பினார்கள். நாங்கள் எங்கும் ஓடப்போவதில்லை என்பதைச் செங்கல்லில் சொன்ன கட்டடம் அது.

இந்த முறைமேல் கடுமையான விமர்சனம் உண்டு. வருகிறவரின் நிறத்தைப் பார்த்து ஒரு திசையைக் காட்டுவது, நல்ல நோக்கத்தோடு செய்தாலும், நிறம் பார்ப்பதுதானே என்று கறுப்பினத் தலைவர்கள் சிலரே கேட்டார்கள். வெள்ளையர் பயப்படாத அளவுக்கு மட்டும் கறுப்பினத்தவரை அனுமதிக்கும் ஏற்பாடா இது என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதுவும் செய்யாமல் சந்தையின் போக்கில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சாலைக்கு அந்தப் பக்கமே சாட்சி. 1970இல் ஓக் பார்க்கில் கறுப்பினத்தவர் ஒரு சதவீதம்கூட இல்லை. 1980இல் சுமார் 11, 1990இல் 18, 2000இல் 22 சதவீதம். ஊர் காலியாகவில்லை. வீட்டு விலை சரியவில்லை. விமர்சனத்தை ஏற்றுக்கொண்ட பிறகும், இந்த எண்கள் எனக்குப் பெரிய சாதனையாகவே தெரிகின்றன.

---

விலைக்கு ஊரே ஜாமீன்

கறுப்பினத்தவர் குடிவந்தால் வீட்டு விலை விழும் என்ற பயத்துக்கு 1970களின் இறுதியில் ஓக் பார்க் ஒரு காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. சேர விரும்பும் வீட்டுக்காரர் மதிப்பீட்டுக் கட்டணம் செலுத்தி வீட்டின் அன்றைய மதிப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுக்குப் பிறகு அதைவிடக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால், நட்டத்தில் 80 சதவீதத்தை ஊராட்சி தரும். இழப்பீடாக ஒருவருக்கும் பணம் கொடுக்க வேண்டி வரவில்லை.

---

கார் போன தெரு, கார் திரும்பிய தெரு

கடைத்தெருவின் கதைக்கு வருவோம். 1970களில் ஊருக்கு வெளியே பெரிய மால்கள் எழுந்து ஓக் பார்க்கின் வியாபாரத்தை இழுத்தன. பதிலுக்கு ஊர், லேக் தெருவின் ஒரு பகுதியையும் அதை வெட்டிச் செல்லும் மேரியன் தெருவையும் கார் நுழையாத நடைவீதியாக்கியது. நடக்கிறவர்களுக்கான ஊரில் இது ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மாலையில் தெரு வெறிச்சோடியது, கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 1980களின் இறுதியில் லேக் தெருவும் 2007இல் மேரியன் தெருவும் மறுபடி காருக்குத் திறந்தன. இப்போது மேரியனில் கல் பாவிய குறுகலான வழியில் கார் ஊர்ந்து போகும். அகலமான நடைபாதையில் மேசை போட்டுச் சாப்பிடுவார்கள்.

காரை விரட்டுவதால் மட்டும் தெருவுக்கு உயிர் வராது என்பதை அமெரிக்காவின் பல ஊர்கள் அந்தக் காலத்தில் இப்படித்தான் கற்றன. நடந்துவருகிற தூரத்தில் போதிய ஆட்கள் குடியிருக்க வேண்டும். காலையில் காபிக்கு, மதியம் நூலகத்துக்கு, மாலையில் படத்துக்கு என்று வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு காரணத்தோடு ஆட்கள் வர வேண்டும். ஓக் பார்க்கின் கடைத்தெரு மீண்டதில், ரயிலடியைச் சுற்றிப் பிறகு எழுந்த அடுக்ககங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரே பள்ளி, வேறு வகுப்பறை

ஊரின் பெருமைக்கு மிகக் கூர்மையான கண்ணாடியைப் பிடித்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். ஆவணப்பட இயக்குநர் ஸ்டீவ் ஜேம்ஸ் ஓக் பார்க்வாசி. லேக் தெருவை ஒட்டிய உயர்நிலைப் பள்ளியில் 2015-16 கல்வியாண்டு முழுக்கப் படம் பிடித்து, 2018இல் 'அமெரிக்கா டு மீ' என்று பத்துப் பகுதித் தொடராக வெளியிட்டார். அதில் தெரிந்தது இதுதான்: காலையில் ஒரே வாசல் வழியாக நுழையும் பிள்ளைகள், மணியடித்ததும் பிரிகிறார்கள். மேம்பட்ட பாட வகுப்புகளில் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள். சாதாரண வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகள். ஒரே தெருவில் வீடு கொடுத்துவிடலாம், ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது அதைவிடக் கடினம். பல வருட விவாதத்துக்குப் பிறகு, முதலாண்டு மாணவர்களைப் பல பாடங்களில் தரம் பிரிக்காமல் ஒரே வகுப்பில் சேர்க்கும் முறையைப் பள்ளி 2022இல் தொடங்கியது. பெற்றோர் சிலர் இன்றும் ஏற்கவில்லை. எனக்கு இதில் தயக்கமில்லை. பதினான்கு வயதில் ஒரு பிள்ளையின் பாதையை முடித்துவைக்கும் வரிசையைக் கலைத்தது நல்லது.

இப்போது வாசலில் நிற்பது

2000க்குப் பிறகு கறுப்பினத்தவரின் பங்கு கூடவில்லை. 2010இல் சற்றுக் குறைந்து, 2020இல் 20 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. இம்முறை யாரும் டைனமைட் வீசவில்லை. வாடகைச் சீட்டும் சொத்து வரி ரசீதும் அந்த வேலையைச் செய்கின்றன.

இல்லினாய்ஸ் மாநிலத்தின் சொத்து வரி நாட்டிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. ஓக் பார்க்கில் தொழிற்சாலைகளோ பெரிய அலுவலக வளாகங்களோ அதிகம் இல்லை; பள்ளிகளுக்கும் நூலகத்துக்கும் பூங்காக்களுக்குமான செலவு வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. வரி ஏறினால் வாடகையும் ஏறும். நாற்பது வருடம் முன் ஹவுசிங் சென்டர் வழியாகக் கிழக்குப் பக்க அடுக்ககத்தில் குடிவந்த செவிலியரின் மகள், ஆசிரியராகி, இதே ஊரில் வீடு தேடினால் கட்டுப்படியாவது கடினம். காலாற நடக்கலாம், ரயில் இருக்கிறது, பள்ளி நன்றாக இருக்கிறது என்று எதற்காக எல்லாரும் இங்கே வர ஆசைப்படுகிறார்களோ, அந்த ஆசைதான் விலையை ஏற்றுகிறது.

நியாயமான தீர்வு இன்னும் அதிக வீடு. அங்கேதான் ஊர் இரண்டுபடுகிறது. லேக் தெருவும் ஃபாரஸ்ட் அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஆல்பியன் என்ற உயரமான அடுக்ககம் வந்தபோது, அதன் நிழல் பக்கத்து ஆஸ்டின் கார்டன்ஸ் பூங்காவின் மரங்கள்மேல் விழும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. கட்டடம் வந்துவிட்டது. மரங்களின் மேல் அவர்கள் வைத்த அக்கறை உண்மையானது. ஆனால் 1940இல் இதே 12 சதுர கிலோமீட்டரில் 66,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 55,000கூட இல்லை. இடம் போதாது என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள் பத்தில் ஒரு வீட்டைக் குறைந்த வருமானக்காரருக்கு ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டு நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று 2019இல் ஊராட்சி விதி கொண்டுவந்தது. நல்ல விதி, தாமதமான விதி. அதற்குள் ரயிலடியைச் சுற்றியிருந்த நல்ல மனைகள் பல முடிந்துவிட்டன.

ஆஸ்டின் சாலையின் மேலேயே ஊரின் இரண்டு முகத்தையும் பார்க்கலாம். அந்தச் சாலையிலிருந்து உள்ளே நுழையும் சிறு தெருக்கள் சிலவற்றின் வாயை ஓக் பார்க் அடைத்துவைத்திருக்கிறது. நடப்பவர் போகலாம், கார் போக முடியாது. குடியிருப்புத் தெருக்களில் போக்குவரத்தைக் குறைக்க என்பார்கள். கிழக்கேயிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது முகத்துக்கு எதிரே சாத்திய கதவு. அதே ஊர், 2023 அக்டோபர் கடைசியில் பனி விழத் தொடங்கியபோது, ஆஸ்டின் காவல் நிலைய வாசலில் கூடாரமடித்துக் கிடந்த, பெரும்பாலும் வெனிசுவேலாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களைத் தேவாலயங்களுக்குள் அழைத்துப் படுக்க இடம் கொடுத்தது. ஊராட்சி மன்றம் நெருக்கடி நிலை அறிவித்து உணவுக்கும் உறைவிடத்துக்கும் வழி செய்தது. அந்த வாரம் பாலும் கம்பளியும் கொண்டுவந்து கொடுத்தவர்களில், பூங்கா நிழலுக்காகச் சண்டை போட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

திரும்பும் ரயில்

லேக் தெரு நடை ஹார்லெம் அவென்யூவில் முடிகிறது. அங்கேயே கிரீன் லைனின் கடைசி நிலையம். ரயில் சற்று நேரம் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்து, வந்த வழியே கிழக்கே கிளம்புகிறது. கரையின் மேலிருந்து பார்த்தால், நடந்துவந்த தெரு ஒவ்வொன்றாகப் பின்னால் போகிறது: தியேட்டரின் பெயர்ப்பலகை, நூலகக் கூரை, பள்ளி மைதானம், செங்கல் அடுக்ககங்களின் பின்கட்டு மரப்படிகள். ஓக் பார்க் நிலையம், ரிட்ஜ்லாண்ட், அடுத்து ஆஸ்டின். முக்கால் மணி நேர நடை ரயிலில் ஐந்தாறு நிமிடம்.

ஆஸ்டினில் பாதிப் பெட்டி காலியாகிறது. காய்கறிப் பை, பள்ளிப் பை, மருத்துவமனைச் சீருடை எல்லாம் ஒரே படிக்கட்டில் நெருக்கியடித்து இறங்குகின்றன. கீழே சிக்னலுக்காக எல்லாரும் ஒன்றாக நிற்கிறார்கள். விளக்கு மாறியதும் சிலர் கிழக்கே போகிறார்கள், சிலர் மேற்கே.